பொட்டு வைத்த கேசட்

அடாப்டர் சுட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையைக் கழற்றுவதற்கு முன்பே என் தங்கை கலா அதைத் தொட்டுப் பார்த்திருந்தாள். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், டிவி கேமுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு அடாப்டர் அது. சுவிட்ச் அணைந்திருந்தது. ஒயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தது. டிவி கேமின் மேல் போர்த்தியிருந்த டர்க்கி டவல்கூடக் கலையவில்லை. அடாப்டர் மட்டும் தட்டில் வைத்துச் சற்று நேரமான இட்லியைப் போல வெதுவெதுவென்று இருந்தது.

"நீதான் காலையில ஆஃப் பண்ணாம போயிட்ட," என்றாள் கலா.

"நான் எங்க வெளாண்டேன்? நேத்து சாயங்காலம் நீதானே கடைசியா எடுத்த?"

சண்டை வளர்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தூசி தொடச்சேன். வெயிலு என்னா எரி எரிக்கி, எல்லாந்தான் சுடுது. போயி கைகால் கழுவுங்க."

தூசி துடைத்தால் அடாப்டர் சுடுமா என்று கேட்கத் தோன்றாத வயது. கைகால் கழுவப் போனோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடங்களை அடுக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், கொஞ்சம் கடையை விட்டு வெளியே வரும்படி கேட்டுக்கொண்டார்கள். வருகிறேன். ஆனால் ரொம்ப தூரம் வர முடியாது. இந்தக் கதையும் சுற்றிச் சுற்றிக் கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

தி.நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடை ரங்கநாதன் தெருவுக்கு அருகில் இருந்தது. ஊர்ப்பேச்சை அம்மா கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா வாடிக்கையாளர்களிடம் மட்டும் மெட்ராஸ் பாஷை பேசுவார்.

நான் முதன்முதலில் பார்த்த வீடியோ கேம் கீழ் வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்காரரின் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தார். முன்பக்கம் மரம் மாதிரி நிறமடித்த பிளாஸ்டிக் பெட்டி. டிவியில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. அந்தப் புள்ளி இங்கும் அங்கும் போவதைப் பார்க்க, டெஸ்ட் மேட்ச் பார்க்கிற மாதிரிக் கூட்டம் கூடும். பெரியவர்கள் ஆடுவார்கள். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

நாங்கள் அப்படி நிற்பதை ஒருநாள் அப்பா கடையிலிருந்து வரும்போது பார்த்துவிட்டார். திட்டவில்லை. அவருக்கு அவமானமாகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பர்மா பஜாருக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்.

அதற்குள் உலகம் கோட்டையும் புள்ளியையும் தாண்டி வந்திருந்தது. அப்பா வாங்கி வந்தது ஜப்பான்காரர்கள் செய்ததன் நகல், அல்லது நகலின் நகல். கேசட்டை மேலே செருக வேண்டும். லேபிளில் ஆயிரக்கணக்கான கேம்கள் இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே அதே ஏழெட்டு கேம்கள்தான் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு நிறத்தில் திரும்பத் திரும்ப வரும். வாத்து சுட ஒரு துப்பாக்கியும் கொடுத்தார்கள். டிவியில் அதற்கான சேனலைப் பிடிக்க, அப்பா பின்னால் நின்று திருகினார். "வந்துச்சா? இப்ப? இப்ப வந்துச்சா?" என்று அவர் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, அதன் வாயில் ஊத வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தாமாகவே ஊதினார்கள். ஊதுவதால் ஒன்றும் சரியாகாது, எச்சில்தான் போகும் என்று பிற்காலத்தில் எங்கோ படித்தேன். அதற்குள் நாங்கள் ஊதித் தீர்த்திருந்தோம்.

ஒரே கேம் மட்டும் உள்ள கேசட் ஒன்றும் பெட்டியோடு வந்தது. மேலிருந்து கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும். சுடுவதற்கு எதுவும் இல்லை, தாவுவதற்கு எதுவும் இல்லை. கலாவும் நானும் அதை இரண்டு நாள் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்டோம்.

வேலை செய்யும் இடம்

ஆயுத பூஜைக்குக் கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். இதில் எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பொட்டைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். தராசு என்றால் எடை வைக்கும் தட்டில். பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் என்றால் அதன் முனையில். பேனா என்றால் நிப்பில். கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த வேறு ஊர்க்காரர் ஒருவர் கல்குலேட்டரின் தலையில் பொட்டு வைத்தபோது, அப்பா அதைத் துடைத்துவிட்டு பட்டன்களின் மேல் வைத்தார். பொட்டு வைத்த பொருளுக்கு அன்று முழுக்க ஓய்வு. மறுநாள் காலை பூஜை முடிந்த பிறகுதான் தொடலாம்.

அந்த வருஷம் வீட்டிலும் பூஜை பெரிதாக நடந்தது. கிரைண்டர், அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள், எங்கள் கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் டிவி கேமையும் கேசட்டுகளையும் அம்மா பலகையில் எடுத்து வைத்தாள். எங்களுக்கு ஆச்சரியம். டிவி கேமை ஆயுதமாக ஏற்றுக்கொண்டதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் கலாதான் பார்த்தாள். கட்டை கேசட்டின் வாயில், வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களின் மேல், சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். மற்ற கேசட்டுகளுக்கு எல்லாம் லேபிளின் மேல் அம்மா வைத்த அவசரப் பொட்டு. இந்த ஒன்றுக்கு மட்டும், எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில், நிதானமாக, அழுத்தமாக.

செருகிப் பார்த்தோம். திரை சாம்பல் நிறத்தில் நடுங்கியது. ஊதினோம். குங்குமம் பறந்து கலாவின் கண்ணில் விழுந்தது.

எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. வாத்து கேம் நன்றாகவே ஓடியது. ஆனால் அம்மா கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போனாள். பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெய்த் துணியுமாக வாசல்படியில் உட்கார்ந்து தேய்த்தாள். செருகினாள். வரவில்லை. மறுபடி தேய்த்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை.

கடையில் பூஜையை முடித்துவிட்டுச் சாப்பிட வந்த அப்பா, "பிள்ளைகளே சும்மா இருக்கு. நீ எதுக்கு இதக் கெட்டி அழுதுக்கிட்டு இருக்க?" என்றார்.

அம்மா தலையைத் தூக்கினாள். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "முந்தாநேத்துதான் கட்ட கடகடன்னு விழுவுத எடம் வரைக்கும் போயிருந்தேன்," என்றாள்.

கலா மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடாப்டர் ஏன் சுட்டது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியரை அனுப்பிய பிறகு, நாங்கள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பு, அந்த வீட்டில் அம்மா மட்டும் இருக்கிற நேரம் ஒன்று இருந்தது. அதை அவள் என்ன செய்தாள் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கடைக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பர்மா பஜாருக்குப் போய், அதே கேசட்டோடு வந்தார். கடைக்காரன் புதிதாக வந்த சண்டை கேசட்டை எடுத்துக் காட்டினானாம். "கட்ட கேம் குடு. வீட்டம்மாவுக்கு," என்று கேட்டு வாங்கினாராம். இதை அப்பா தன் நண்பர்களிடம் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிப்பில் பெருமைதான் அதிகம் இருந்தது.

அதன் பின் வந்தவை

இந்த மெஷின்கள் வளர்ந்த விதத்தை வேறு யாராவது ஒழுங்காக எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு வழியாகப் போனவை மட்டும்தான்.

முதலில் எல்லாம் கைக்குள் சுருங்கியது. பாண்டி பஜார் நடைபாதையிலும் மின்சார ரயிலிலும் பென்சில் பேட்டரி போட்ட கையடக்க கேம்களை விற்றார்கள். கறுப்புப் புள்ளிகளாலான அதே கட்டைகள்தான். அம்மா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வடபழனியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானபோது, முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அம்மா கட்டை அடுக்கினாள். நாதஸ்வரத்தை மீறி அது பீப் பீப் என்றது. பக்கத்திலிருந்த பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு தங்களுக்கும் ஒரு முறை தரச் சொன்னார்கள்.

அப்புறம் சி.டி. போட்டு ஆடும் பெட்டிகள் வந்தன. வீட்டில் வாங்க முடியாதவர்களுக்காக சைதாப்பேட்டையில் சந்துக்குச் சந்து கடை திறந்தார்கள். ஆடிய ஆட்டத்தைச் சேமித்து வைக்கத் தீப்பெட்டியைவிடச் சின்னதாக மெமரி கார்டு வந்தது. அதுவரை கரண்ட் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்துதான். அதன் பிறகு கையை வீசி ஆடுகிற குச்சி வந்தது. கலாவின் மகன் அதை வைத்து டென்னிஸ் ஆடி டியூப்லைட்டை உடைத்தான். கடைசியில் எல்லாம் செல்போனுக்குள் போனது.

செல்போன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கண்ணாடியத் தடவுதது ஒரு வெளாட்டாலே? அமுக்குனா அமுங்கணும்," என்றாள். அப்பா இறந்த பிறகு கையடக்க கேமையும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். அது பிரிக்காமலே கிடந்தது.

வலது கை

சமீபத்தில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. அடையாறில் என் வீட்டில்தான் இருக்கிறாள். பேச்சு சற்றுக் குழறினாலும் திரும்பி வந்துவிட்டது. கால் கொஞ்சம் தேறியது. வலது கை வரவில்லை.

முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் கை அசையத் தொடங்கினால் மேற்கொண்டு நம்பிக்கை உண்டு என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்ய ஷாஹினா என்ற பெண் மயிலாப்பூரிலிருந்து வருவாள். பொறுமைசாலி. ஸ்பாஞ்ச் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொல்வாள். அம்மா பந்தைப் பார்ப்பாள், ஷாஹினாவைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். பகலில் துணைக்கு இருந்த தனம், சைதாப்பேட்டைக்காரி, "பந்த வெச்சிக்கினு இன்னா பண்றது, அது இன்னா கொயந்தயா?" என்று அம்மாவின் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குப் பயமாக இருந்தது.

கலாதான் யோசனை சொன்னாள். அவள் மகன் வேறு ஊருக்குப் படிக்கப் போனபின் அவனுடைய கேம் சும்மா கிடந்தது. டிவியிலும் மாட்டலாம், கையிலும் வைத்து ஆடலாம், அப்படி ஒன்று. அதில் கட்டை கேமை ஏற்றிக் கொண்டுவந்தாள். மடியில் தலையணை வைத்து, அதன் மேல் கேமை வைத்து, அம்மாவின் இரண்டு கட்டைவிரல்களையும் உரிய இடத்தில் பொருத்தினாள் தனம்.

திரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. ஷாஹினாவுக்கும் சந்தோஷம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இந்த விளையாட்டில் கட்டையை இடமும் வலமும் நகர்த்துவது இடது கட்டைவிரல். திருப்புவது வலது கட்டைவிரல். பழைய டிவி கேமிலும் அப்படித்தான், இதிலும் அப்படித்தான். அம்மாவால் நகர்த்த முடிந்தது, திருப்ப முடியவில்லை. படுத்து வந்த கட்டை படுத்தே விழுந்தது. நின்று வந்தது நின்றே விழுந்தது. சிறிது நேரத்தில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துவிடும். ஒரு காலத்தில் கடகடவென்று விழுகிற இடம் வரை போனவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கலாவின் இரக்கம்

ஒரு வாரம் இதைப் பார்த்த கலா, யாரிடமும் சொல்லாமல் செட்டிங்கில் போய் பட்டனை மாற்றினாள். இனி இடது விரலே திருப்பும்.

அம்மா அடுக்க ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக மறைந்தது. அன்று அவள் சிரித்ததை நான் பார்த்தேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் கோணிய சிரிப்பு.

ஷாஹினா வந்ததும் ஸ்கோரைப் பார்த்துக் கைதட்டினாள். பிறகு வலது கையைப் பார்த்தாள். அது தலையணைக்கு வெளியே, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளாகக் கிடந்தது.

"யாரு மாத்துனது?" என்றாள்.

"நான்தான்," என்றாள் கலா. "பாக்கப் பாவமா இருந்துச்சு."

"அக்கா, இடது கையே எல்லாத்தையும் செஞ்சுட்டா, வலது கை எதுக்கு எந்திரிக்கணும்? அது அப்படியே தூங்கிடும். பழையபடி மாத்திடுங்க ப்ளீஸ்."

அவள் போன பிறகு ஹாலில் கலா என்னிடம் சண்டை போட்டாள். "அம்மா சிரிச்சு எத்தன நாளாச்சுண்ணே? அதையும் நாமளே புடுங்கணுமா? கை வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். இருக்குற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டுமே."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அவள் கிளம்பிய பிறகு பட்டனைப் பழையபடி மாற்றினேன்.

மறுநாள் நீளக் கட்டை ஒன்று படுத்தபடி வந்தது. அம்மா இடது விரலால் அழுத்தினாள். திரும்பவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"ஆமாம்மா."

கேமைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு யார் கொடுத்தாலும் தொடவில்லை. "கண்ணு வலிக்கி," என்பாள். ஸ்பாஞ்ச் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கலா போனில் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தவறு செய்துவிட்டோம் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

மறுபடியும் சூடு

சில வாரங்கள் போயிருக்கும். ஆபீஸிலிருந்து வந்து, கேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். மேலே ஒரு டர்க்கி டவல் போர்த்தியிருந்தது. கேமின் பின்பக்கம் வெதுவெதுவென்று இருந்தது.

தனத்தைக் கூப்பிட்டேன். "யாராவது இத எடுத்தாங்களா?"

தனம் என் முகத்தைப் பார்க்காமல், பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். "தூசி தொட்ச்சேன் சார். வெயிலு இன்னாமா கொளுத்துது பாத்தியா. எல்லாந்தான் சுடுது."

கட்டிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிற முகம் அல்ல.

நான் கேமை இருந்த இடத்திலேயே வைத்து, டவலைப் போர்த்தினேன். கலாவுக்குப் போன் செய்து, "அடாப்டர் சுடுது," என்றேன்.

"நெசமாவாண்ணே?" என்றாள். அப்புறம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நீ கண்டுக்காத. எதையும் பாக்காத மாதிரியே இரு."

அப்படியே இருந்தேன். எனக்கு முன்னால் தோற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்த மதிய ஏற்பாடு என்று புரிந்தது. ஆனால் விரல் வந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. ஷாஹினா பந்தைக் கொடுத்தபோதெல்லாம் கை அசையவே இல்லை.

ஒருநாள் ஆபீஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியதில் கேபிள் அறுந்து கரண்ட் போனது. மதியமே வீட்டுக்கு வந்தேன். சாவியைப் போட்டுத் திறந்து, ஒரு ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கட்டை நகரும்போது ஒரு சத்தம், திரும்பும்போது வேறு ஒரு சத்தம். எத்தனையோ மாறியும் அந்த வித்தியாசத்தை யாரும் மாற்றவில்லை.

நகர்ந்தது. நகர்ந்தது. விழுந்தது. மறுபடி நகர்ந்தது, விழுந்தது.

"நவுத்துனது போதும் யம்மா. சுத்து. சுத்து. ஐய, போச்சு," என்றாள் தனம். "அடுத்தது வருது பாரு. வெரல இப்டி வெய்யி. சுத்து."

கையில் ஷூவோடு நின்றேன். திரும்பும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

"சுத்திச்சு! யம்மோவ், சுத்திச்சு!"

"கத்தாதட்டி," என்றாள் அம்மா. "அடுத்தது வருதுல்லா."

கழற்றிய ஷூவை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன். தெருமுனை டீக்கடையில் வழக்கமாக வீடு திரும்பும் நேரம் வரை நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

பலகையில்

அந்த விஷயத்தை நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ஆயுத பூஜை வந்தது. கலா காலையிலேயே வந்து பலகையைக் கழுவிக் கோலம் போட்டாள். மிக்ஸி, லேப்டாப், என் பேனா, தனத்தின் செல்போன் என்று ஒவ்வொன்றாக வைத்தோம். கலா அலமாரியிலிருந்து கேமை எடுத்து வந்து வைத்தாள். அம்மாவை நாற்காலியோடு பலகைக்குப் பக்கத்தில் நகர்த்தினோம்.

சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தேன். மிக்ஸிக்கு பிளேடில். பேனாவுக்கு நிப்பில். கேமிடம் வந்ததும் கை நின்றது. இதில் கேசட்டும் இல்லை, தங்கப் பல்லும் இல்லை.

"எங்கேம்மா வைக்க?" என்றேன்.

அம்மாவின் மடியில் கிடந்த வலது கை மெதுவாக எழுந்தது. நடுங்கியது, நின்றது, மறுபடி எழுந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைப் பலகைவரை கொண்டுவந்து, கட்டைவிரலை என் பக்கம் நீட்டினாள்.

"வேல செஞ்சது இதுல்லா," என்றாள்.

விரல் நுனியில் சந்தனம் வைத்தேன். கலா அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

மதியம் ஷாஹினா வந்தாள். பையிலிருந்து ஸ்பாஞ்ச் பந்தை எடுத்து, "எங்க, கைய குடுங்கம்மா," என்றாள்.

அம்மா பொட்டு வைத்த விரலை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னைக்கு இதுக்கு லீவு. நாளைக்குக் காலையில வா."

ஷாஹினா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, தனம் நீட்டிய பொரித் தட்டை வாங்கிக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.